நோர்வேயில் திக்கலுக்கு உதவி: எந்தக் கதவு திறக்கிறது, எது இழுத்தடிக்கிறது

நோர்வேயில் பேச்சுத் திக்கலுக்குக் கிடைக்கும் சேவைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் இப்படித்தான் போடலாம்: பள்ளிக்கு முந்திய வயதுக்கு நல்லது, பள்ளி வயதுக்குச் சுமார், பெரியவர்களுக்கு அலைந்தால் நல்லது. காசு பெரிய தடையில்லை. லோகோபெட் என்று இங்கே சொல்லப்படும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் பக்கவாதத்துக்குப் பின்வரும் பேச்சிழப்பு, குரல் கம்மல், உச்சரிப்பு, வாசிப்புச் சிக்கல் என்று எல்லாவற்றையும் பார்ப்பவர்கள். திக்கலை முதன்மையாகப் பார்ப்பவர்கள் கொஞ்சப்பேர்தான். உங்களுக்கு வாய்ப்பது யார் என்பது நீங்கள் எந்தக் கொம்மூனவில், அதாவது எந்த நகரசபை எல்லைக்குள், இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தச் சேவையின் பெரிய ஓட்டை அதுதான். அதை அடைக்கும் வழி கேள்வி கேட்பதும் எழுத்தில் வாங்குவதும்.

முதலில் சின்னப் பிள்ளைகள். குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 8 பேர் ஏதோ ஒரு காலத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் தொடங்கும். பெரும்பாலானோருக்கு அது தானாக நின்றுவிடும். பெரியவர்களில் நூற்றில் ஒருவர் அளவில்தான் மிஞ்சும். இந்தக் கணக்கைக் காட்டி "வளர வளரச் சரியாகும்" என்று சொல்பவர்கள் வீட்டிலும் உண்டு, சுகாதார நிலையத்திலும் உண்டு. குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் நிலைத்திருந்தால், பிள்ளை பையனாக இருந்தால், மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியிருந்தால், ஆறு மாதம் தாண்டியும் குறையாமல் இருந்தால், பேசும்போது முகம் இறுகிக் கண் மூடினால், அந்த ஆறுதலை நம்பிக் காத்திருக்கக்கூடாது.

2 வயது, 4 வயதுப் பரிசோதனைகளுக்கு ஹெல்செஸ்தாஷூன் எனும் சுகாதார நிலையத்துக்குப் போகும்போதே தாதியிடம் இதைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பே.பே.தே. எனப்படும் கல்வி-உளவியல் ஆலோசனைச் சேவை ஒவ்வொரு கொம்மூனவிலும் உண்டு. பெற்றோர் நேரடியாகவே எழுதலாம், வைத்தியரின் கடிதம் வேண்டியதில்லை. பார்ணஹாகே, அதாவது பாலர் பள்ளி, சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி தேவையுள்ள பள்ளிக்கு முந்திய பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி உதவி பெறும் உரிமை உண்டு. பிள்ளை பார்ணஹாகேக்குப் போகாமல் வீட்டில் இருந்தாலும் அது பொருந்தும். பே.பே.தே. நிபுணர் மதிப்பீடு எழுதும், அதைப் பார்த்துக் கொம்மூன எழுத்தில் முடிவு தரும். முடிவு பிடிக்கவில்லையென்றால் மூன்று வாரத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். கடிதத்தைக் கொம்மூனவுக்கே அனுப்பவேண்டும். அவர்கள் மாற்றாவிட்டால் அது மாநில ஆளுநர் அலுவலகத்துக்குப் போகும்.

பே.பே.தே.க்கு எழுதும்போது "பிள்ளை சரியாகப் பேசுவதில்லை" என்று எழுதினால் மொழி தாமதம், நோர்வேஜிய மொழி போதாது என்ற வரிசையில் போய் விழும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கக்கூடியது. திக்கல் எந்த மாதம் தொடங்கியது, எப்படி வருகிறது (எழுத்தைத் திரும்பச் சொல்வதா, இழுப்பதா, சத்தமே வராமல் அடைத்து நிற்பதா), குடும்பத்தில் யாருக்கு உண்டு, தமிழிலும் வருகிறதா, நோர்வேஜிய மொழியிலும் வருகிறதா என்று எழுதுங்கள். கூடவே வீட்டில் எடுத்த கைப்பேசி வீடியோ இரண்டு மூன்று கொண்டுபோங்கள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடமாவது இருக்கட்டும். திக்கல் ஒரே அளவில் நிற்காது. ஒரு வாரம் அள்ளிக்கொண்டு வரும், அடுத்த வாரம் இருக்காது. சந்திப்பு நாளில் பிள்ளை மணிமணியாகப் பேசிவிட்டு வந்தால் கையில் வீடியோதான் சாட்சி.

வீடியோவைப் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாது என்பதில் இரண்டு பக்கமும் தவறு வரலாம். பிள்ளை "வந்து... அது வந்து... இந்த..." என்று யோசித்துப் பேசுவதைச் சிலர் திக்கல் என்று எண்ணிவிடுவார்கள். அது எல்லாரும் செய்வது. இரண்டு மொழி பேசும் பிள்ளைகளில் கூடுதலாகவே இருக்கும். எண்ண வேண்டியவை "க-க-க-கதவு" போன்ற எழுத்துத் திரும்பல், "ம்ம்ம்மாமா" போன்ற இழுப்பு, வாய் திறந்தும் சத்தம் வராத அடைப்பு. இன்னொரு பக்கம், சத்தமில்லாத அடைப்பை "யோசிக்கிறார்" என்று விட்டுவிடுவார்கள். வீடியோவில் எது எந்த நிமிடத்தில் வருகிறது என்று பெற்றோர் குறித்துக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நேரம் எடுக்கும்போதே சொல்லவேண்டும். 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, தேவையான இடத்தில் அரச அலுவலகம் தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்ய வேண்டும். வீட்டுப் பிள்ளைகளை அந்த வேலைக்கு இழுக்கக்கூடாது என்பதும் அதிலேயே உண்டு. கூட்டம் தொடங்கமுன் மொழிபெயர்ப்பாளரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பிள்ளை சொன்னதைச் சுத்தப்படுத்தி அழகான வசனமாகத் தரவேண்டாம், எங்கே தட்டுப்பட்டதோ அதையும் சொல்லவேண்டும். பழக்கதோஷத்தில் பலர் திக்கலைத் துடைத்துவிட்டுத்தான் மொழிபெயர்ப்பார்கள்.

"வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஒரு மொழி போதும்" என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். இரண்டு மொழி பேசுவதால் திக்கல் வருவதில்லை. வீட்டு மொழியைப் பறித்தால் அது போவதுமில்லை. அதேபோல வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது, நாக்கின் அடிச்சவ்வை வெட்டுவது இரண்டையும் விட்டுவிடலாம். திக்கல் நாக்கின் கோளாறில்லை. பேச்சசைவுகளை நேரம் பார்த்துத் தொடக்கிவைக்கும் மூளை வழிகளின் வேலை அது, பரம்பரையின் பங்கும் பெரிது.

ஆறு வயதுக்குட்பட்டோருக்கான முறைகளில் நன்கு சோதிக்கப்பட்டது அவுஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறை. லோகோபெட் பயிற்றுவது பெற்றோரை. பிள்ளைக்குச் செய்வது பெற்றோர். தினமும் 10 முதல் 15 நிமிடம், பிள்ளைக்குத் திக்கல் குறைவாக வரும்படி சுலபமான விளையாட்டு: படப் புத்தகம், ஒரே மாதிரி அட்டை தேடுதல். பிள்ளை தடையின்றிச் சொன்னதும் "அது நல்ல சுகமா வந்தது" என்று ஒரு சொல். எப்போதாவது "அதிலை கொஞ்சம் தட்டுப்பட்டது, இன்னொருக்கா சொல்லிப் பாப்பமோ?" ஒரு திருத்தத்துக்குக் குறைந்தது ஐந்து பாராட்டு இருக்கவேண்டும். தினமும் இரவில் அன்றைய திக்கலுக்கு 0 முதல் 9 வரை ஒரு எண் எழுதவேண்டும்: 0 என்றால் இல்லை, 9 என்றால் மிகக் கடுமை. வாராவாரம் லோகோபெட்டிடம் போய் அந்த எண்களைப் பார்ப்பார்கள். எண் 0, 1 என்று நிலைத்தபின் சந்திப்புகள் விலகும்: இரண்டு வாரம், இரண்டு வாரம், நான்கு, நான்கு, எட்டு, எட்டு, பதினாறு.

இது கெட்டுப்போகும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பாராட்டைக் குறைத்துத் திருத்தத்தைக் கூட்டுவார்கள். தமிழ்ப் பெற்றோருக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. 15 நிமிடத்தைச் சாப்பாட்டு மேசைக்கும் காருக்கும் இழுத்து நாள் முழுக்கத் திருத்துவார்கள். எண் 1க்கு வந்ததும் விட்டுவிடுவார்கள், மூன்று மாதத்தில் திரும்பி வரும். தாய் ஒரு எண்ணும் தகப்பன் வேறு எண்ணும் போடுவார்கள். முதல் வாரத்திலேயே லோகோபெட்டுடன் ஒரே வீடியோவைப் பார்த்து மூவரும் எண் போட்டுச் சரிபார்த்தால் இது தீரும். பாராட்டுச் சொல் தமிழில் இருக்கட்டும், வீட்டில் பேசும் தமிழில்.

பெற்றோர் பேசும் வேகத்தையும் வீட்டின் அவசரத்தையும் குறைக்கும் மறைமுக வழி இன்னொன்று. நெதர்லாந்தில் 199 பிள்ளைகளை வைத்து இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளியானது. 18 மாதத்தின் பின் இரண்டு பக்கமும் பத்தில் ஏழுக்கு மேற்பட்ட பிள்ளைகள் திக்கவில்லை. வித்தியாசம் சொல்லும்படியாக இல்லை. ஆகவே உங்கள் லோகோபெட் எதைப் பயின்றிருக்கிறாரோ அதை ஒழுங்காகச் செய்தால் போதும். "இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம்" என்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

பள்ளி வயதில் இந்தச் சேவை தளர்கிறது. 2024 ஓகஸ்ட் முதல் புதிய கல்விச் சட்டம் வந்து, சிறப்புக் கல்வி என்ற பெயர் போய்த் தனிநபருக்கேற்ற கற்பித்தல் என்றானது. பே.பே.தே. மதிப்பீடு, எழுத்துமூல முடிவு என்ற வழி மாறவில்லை. முடிவில் ஆண்டுக்கு எத்தனை மணி, யார் தருவது என்று இருக்கவேண்டும். லோகோபெட் சுகயீனம், பாடசாலைச் சுற்றுலா, பரீட்சை வாரம் என்று மணித்தியாலங்கள் கரையும். ஒரு கொப்பியில் எழுதிவைத்து, பருவ இறுதியில் குறைந்ததைக் கேளுங்கள். கேட்காமல் யாரும் ஈடுசெய்ய மாட்டார்கள்.

வகுப்பில் நடப்பது லோகோபெட்டின் அறையில் நடப்பதைவிட முக்கியம். ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: வசனத்தை முடித்துக் கொடுக்கவேண்டாம், "மெதுவாச் சொல்லு, மூச்சு எடு" என்று சொல்லவேண்டாம், வரிசையாகக் கேள்வி கேட்டுவரும்போது பிள்ளையின் முறை எப்போது வரும் என்று காத்திருக்க வைக்காமல் முன்னுக்கே கேட்டுவிடவும், சத்தமாக வாசிக்கும்போது பக்கத்துப் பிள்ளையோடு சேர்த்து வாசிக்க விடவும். சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கூட்டமாகக் குறள் ஒப்பித்த பிள்ளை பேச்சுப் போட்டி மேடையில் தனியே நின்று அடைபட்டால், "அங்கே சொன்னவன்தானே, நடிக்கிறான்" என்று நினைக்கவேண்டாம். இரண்டும் மூளைக்கு வேறு வேறு வேலை. பேச்சுப் போட்டியில் நேரமணியை அந்தப் பிள்ளைக்குத் தளர்த்துவது ஏற்பாட்டாளர்களால் செய்யக்கூடிய காரியம்.

பத்தாம் வகுப்பு முடிவில் ஒரு பாடத்தில் வாய்மொழிப் பரீட்சை வரும். சிறப்பு ஏற்பாட்டுக்கு அதிபரிடம் விண்ணப்பிக்கலாம்: கூடுதல் நேரம், முதலிலேயே தொடங்க விடுவது, தேர்வாளருக்கு முன்கூட்டியே தகவல். பரீட்சை வாரத்தில் கேட்டால் நடக்காது. குளிர்கால விடுமுறைக்கு முன்பே எழுதுங்கள். குடியுரிமைக்கு நோர்வேஜிய வாய்மொழித் தேர்வில் பி1 எனும் இடைநிலை வேண்டும், 2022 ஒக்டோபருக்கு முன் அதற்குக் கீழான ஏ2 போதுமாயிருந்தது. அந்தத் தேர்வு வழக்கமாக இன்னொரு தேர்வரோடு சேர்ந்து நடக்கும். திக்கல் உள்ளவர் தேர்வுக்குப் பதியும்போதே வைத்தியர் அல்லது லோகோபெட் எழுதிய சான்றோடு சிறப்பு ஏற்பாடு கேட்கவேண்டும். மொழித் தேர்ச்சிக் குறைவையும் திக்கலையும் தேர்வாளர் குழப்பிக்கொள்ளாதிருக்க அந்த ஒரு தாள்தான் வழி.

பெரியவர்களுக்கான பாதை குடும்ப வைத்தியரிடம் தொடங்குகிறது. தேசியக் காப்புறுதிச் சட்டத்தின் 5-10ஆம் பிரிவின்கீழ், வைத்தியரின் பரிந்துரையோடு தனியார் லோகோபெட்டிடம் போனால், சிகிச்சைச் செலவை ஈடுசெய்யும் அரச அமைப்பான ஹெல்ஃபோ பணம் தரும். கொம்மூனவோ மருத்துவமனையோ அந்தச் சேவையைத் தரமுடியாத நிலையில்தான் இது. எனவே முதலில் கொம்மூனவுக்கு எழுதி, "இல்லை" என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன "இல்லை" செல்லாது. பரிந்துரையில் "திக்கல்" என்று மட்டும் எழுதாமல், வேலையில், தொலைபேசியில், படிப்பில் அது எதைத் தடுக்கிறது என்று வைத்தியர் ஒரு வரி சேர்க்கவேண்டும். அன்றாட இயக்கத்துக்குச் சிகிச்சை எவ்வளவு அவசியம் என்பதைத்தான் பார்ப்பார்கள். லோகோபெட் ஹெல்ஃபோவோடு நேரடியாகக் கணக்குத் தீர்ப்பவரா, உங்களிடம் மேலதிகமாக வாங்குவாரா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

பெயருக்குப் பின்னால் நோர்வேஜிய லோகோபெட் சங்க உறுப்பினர் என்று இருப்பது நல்ல அடையாளம், ஆனால் அது திக்கல் அனுபவத்தைச் சொல்லாது. கேளுங்கள்: கடந்த ஓராண்டில் எத்தனை பெரியவர்களுக்குத் திக்கல் சிகிச்சை கொடுத்தீர்கள்? அறைக்கு வெளியே, கடையில், தொலைபேசியில் பயிற்சி உண்டா? முன்னேற்றத்தை எதைக்கொண்டு அளப்பீர்கள்? "எத்தனை தடவை திக்கினீர்கள் என்று எண்ணுவேன்" என்று மட்டும் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். ஓவேசஸ் என்ற கேள்வித்தாளைச் சொன்னால் நல்லது. திக்கலைப் பற்றி நீங்கள் நினைப்பது, எதிர்வினை, அன்றாடப் பேச்சு, வாழ்க்கைத் தரம் என்று நான்கு பகுதியாக அது அளக்கும்.

பெரியவர்களுக்கு இங்கே பரவலாகக் கிடைப்பது, திக்கலை ஒளிக்காமல் அதன் இறுக்கத்தை மாற்றும் முறை. மூன்று கருவி. முதலாவது: திக்கிய சொல்லை முடித்ததும் நிறுத்து, மூன்று விநாடி. எங்கே இறுகியது என்று மனதுக்குள் ஓட்டிப் பார், அதே சொல்லை இளக்கமாகத் திரும்பச் சொல். இரண்டாவது: அடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பிடிப்பது. "கமலா" என்று சொல்லப்போய்க் "க"வில் நின்றால் நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தில் ஒட்டி நிற்கிறது. தள்ளினால் இன்னும் ஒட்டும். தள்ளுவதை நிறுத்தி, அந்த அழுத்தத்தை அப்படியே பிடித்து உணர்ந்து, மெல்லத் தளர்த்தி, காற்று நழுவியதும் "அ" உயிரை நீட்டி வெளியே வரவேண்டும். மூன்றாவது, அடைக்கப்போகிறது என்று தெரியும் சொல்லுக்குள் அதே இளக்கத்தோடு நுழைவது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி மூன்றாவதில் தொடங்குபவர்கள் சில வாரத்தில் அதைத் திக்கலை மறைக்கும் இன்னொரு தந்திரமாக்கிவிடுவார்கள். முதலாவதிலும் பொதுவான பிழை ஒன்று உண்டு: மூன்று விநாடியை விழுங்கிவிட்டுச் சொல்லை மட்டும் திருத்துவது. நிறுத்தம் இல்லாவிட்டால் பயிற்சியே இல்லை.

நோர்வேயில் உருவான ஆய்வில் ஹில்டா சோன்ஸ்தெரூத் குழுவின் மிஸ்ட் முறையைக் குறிப்பிடலாம். மூச்சு, உடல் நிலை, குரல் இவற்றோடு மனப்பழக்கங்களையும் ஒருவருக்கேற்ப இணைக்கிறது. 18 பெரியவர்களோடு செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் சிகிச்சையாளரும் வருபவரும் இலக்கிலும் வேலையிலும் ஒத்துப்போவது பலனோடு தொடர்புடையது என்பது அதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது. மூன்றாம் சந்திப்பிலும் உங்கள் இலக்கு என்னவென்று லோகோபெட் கேட்கவில்லையென்றால் மாறுவது நியாயம்.

கடினமான நிலைகளுக்கு ஸ்தாத்பெட் என்ற அரச நிறுவனம் உண்டு. நீங்கள் நேரடியாகப் போகமுடியாது, பே.பே.தே. வழியாகத்தான். உங்கள் லோகோபெட்டுக்குத் திக்கல் பழக்கமில்லை என்றால் ஸ்தாத்பெட்டின் ஆலோசனையைக் கேட்கச்சொல்லி எழுத்தில் கோருங்கள்.

மக்வாயர் நிகழ்ச்சி நோர்வேயில் நன்றாக வேரூன்றியது. திக்குபவர்களே நடத்துவது, 1994இல் நெதர்லாந்தில் டேவ் மக்வாயர் தொடங்கியது. சில நாள் தீவிரப் பயிற்சி: விலா எலும்பு விரியும் ஆழ்ந்த மூச்சு, வேண்டுமென்றே திக்கிக் காட்டுதல், தெருவில் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுத்தல், கடைசி நாள் பொது இடத்தில் பெட்டிமேல் ஏறி ஒரு சிறு பேச்சு. நான்காம் நாள் முடிவில் வரும் மாற்றம் வியக்கத்தக்கது. இரண்டாம் மாதத்தில் பலருக்கு அது வழுக்கும். தினப் பயிற்சியும் தொலைபேசிப் பயிற்றுநரும் இருந்தால் நிலைக்கும். "நாலு நாளில் போய்விடும்" என்று சேர்பவர் காசை இழப்பார். பேசும்போதெல்லாம் மூச்சைக் கவனித்து எடுப்பது சிலருக்குச் செயற்கையாகத் தோன்றும். உறுதியான ஆட்களுக்குப் பொருந்தும், பத்து வயதுப் பிள்ளைக்கு அல்ல.

நிஃப்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோர்வேஜிய திக்கல் மற்றும் படபடப் பேச்சு நலச்சங்கத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். சிகிச்சை தருவதில்லை, தருவதாகச் சொல்வதுமில்லை. உறுப்பினர் சந்திப்பு, இளைஞர் சந்திப்பு, குடும்பச் சந்திப்பு, 'ஸ்தாம்போஸ்தென்' என்ற சஞ்சிகை. பயன் அதிகம் குடும்பச் சந்திப்பில்தான். தன்னைப்போல் திக்கும் வேறொரு பிள்ளையை அதுவரை கண்டிராத பிள்ளை, திக்கிக்கொண்டே நகைச்சுவை சொல்லும் பெரியவரைப் பார்க்கும். எந்த லோகோபெட்டாலும் அதைத் தரமுடியாது. குறை என்னவென்றால் பெரிய நகரங்களுக்கு வெளியே நடவடிக்கை மெலிவு, எல்லாம் நோர்வேஜிய மொழியில். மொழி குறைந்த பெற்றோர் ஒதுங்கி நிற்க நேரும்.

படபடப் பேச்சைச் சங்கம் தன் பெயரிலேயே வைத்திருப்பது சரியான காரியம். வேகமாக ஓடி எழுத்துகளை விழுங்கி, கேட்பவருக்குப் புரியாமல் போவது அது. பேசுபவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அங்கே வேகத்தைக் குறைப்பது உதவும். திக்கலில் "மெதுவாக" என்று சொல்வது உதவாது. பிள்ளையிடம் இரண்டும் கலந்திருந்தால் மதிப்பீட்டில் இரண்டையும் தனித்தனியே எழுதச்சொல்லுங்கள்.

நோர்டிக் நாடுகளில் இந்தச் சுயஉதவி மரபு பழையது. உலகத் திக்கல் சங்கங்களின் கூட்டமைப்பு 1995இல் சுவீடனின் லின்ஷொப்பிங் நகரில்தான் உருவானது. 1998 முதல் ஒக்டோபர் 22 உலகத் திக்கல் விழிப்புணர்வு நாள். அந்த வாரத்தில் சங்கங்கள் திறந்த நிகழ்ச்சிகள் வைப்பது வழக்கம், உறுப்பினராக இல்லாமலே போய்ப் பார்த்து முடிவெடுக்கலாம். பிள்ளையைக் கூட்டிப்போவதென்றால் அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள். "எல்லாருக்கும் பேர் சொல்லுங்கோ" என்று வாசலிலேயே தள்ளவேண்டாம். திக்குபவர்களுக்குச் சொந்தப் பெயர்தான் பெரும்பாலும் கடைசியில் வரும் சொல்.